மின்காந்த-மின்சுற்று இணை ஒப்புருவாக்கம்

மின்காந்த-மின்சுற்று இணை ஒப்புருவாக்கம் என்பது நுண்ணலைக் கருவிகளை வடிவமைக்கையில் மின்காந்தப் புலக் கணிப்பையும் மின்சுற்றுக் கணிப்பையும் பிணைத்து, முழுக் கருவியும் எவ்வாறு செயற்படும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே அறியும் முறை ஆகும். கருவியில் உள்ள கடத்திகள், காப்புப் பொருள்கள், உலோகப் பெட்டி முதலிய வடிவம் சார்ந்த பகுதிகள் மாக்சுவெல்லின் சமன்பாடுகளைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. டிரான்சிஸ்டர், டையோடு, மின்தேக்கி முதலிய உறுப்புகள் மின்சுற்றுக் கோட்பாட்டைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. இவ்விரு கணிப்புகளும் வாயில்கள் எனப்படும் இடங்களில் இணைக்கப்படுகின்றன.

பெருக்கி, வடிகட்டி, அலையாக்கி, கலப்பி, உணர்கொம்பு (அன்டெனா) ஆகியவற்றின் வடிவமைப்பில் இம்முறை இன்று வழக்கமாகக் கையாளப்படுகின்றது. இதன் முடிவுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பது, கருவியை எந்த இடத்தில் இரு பகுதிகளாகப் பிரிக்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்துள்ளது. பிரிக்கும் இடம் தவறாக அமையின், இரு கணிப்புகளும் தனித்தனியே சரியாக இருந்தாலும் கூட்டு விடை பிழையாகும்.

தேவை

மின்சுற்றுக் கோட்பாட்டின் அடிப்படை 1845 இல் குஸ்டாவ் கிர்க்காஃப் வெளியிட்ட இரு விதிகள் ஆகும். ஒரு சந்தியில் சேரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை சுழி. ஒரு மூடிய தடத்தைச் சுற்றிவரும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை சுழி. இவ்விதிகளில் நீளம், அகலம், தூரம் என்பன இடம்பெறுவதில்லை. இரு உறுப்புகளை இணைக்கும் கோடு வரைபடத்தில் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதன் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே மின்னழுத்தம் உள்ளது என்று கொள்ளப்படுகின்றது.

இக்கருதுகோள் மின்சுற்றின் அளவு அலைநீளத்தை விட மிகச் சிறிதாக இருக்கும் வரை பொருந்தும். வெற்றிடத்தில் சில அதிர்வெண்களுக்கான அலைநீளங்கள் ஏறத்தாழப் பின்வருமாறு:

• 50 ஹெர்ட்ஸ் (வீட்டு மின்சாரம்) - 6000 கிலோமீட்டர்
• 1 கிகா ஹெர்ட்ஸ் - 30 சென்டிமீட்டர்
• 10 கிகா ஹெர்ட்ஸ் - 3 சென்டிமீட்டர்
• 77 கிகா ஹெர்ட்ஸ் (வாகன ரேடார்) - 3.9 மில்லிமீட்டர்

காப்புப் பொருளின் மீது அமைந்த தடங்களில் அலைநீளம் இன்னும் குறையும். அலுமினாத் தகட்டின் மீது அமைந்த 50 ஓம் நுண்கீற்றுத் தடத்தில் 10 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் மட்டுமே. அதில் கால்பங்கான 3 மில்லிமீட்டர் நீளத் தடம் ஒரு முனையில் திறந்திருந்தால், மறுமுனையில் அது குறுக்குச்சுற்றைப் போல நடந்துகொள்ளும். வரைபடத்தில் வெறும் கோடாகத் தெரிவது, நடைமுறையில் ஓர் உறுப்பாகவே மாறிவிடுகின்றது.

இதே நிலையைப் பிணைப்புக் கம்பியிலும் காணலாம். சில்லினைப் பலகையுடன் இணைக்கும் மெல்லிய தங்கக் கம்பியின் மின்தூண்டம், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி ஆகும். மின்தூண்டியின் மின்மறுப்பு 2 × 3.1416 × அதிர்வெண் × மின்தூண்டம் என்பதால், 10 கிகா ஹெர்ட்ஸில் இக்கம்பியின் மின்மறுப்பு 63 ஓம் ஆகும். நுண்ணலைக் கருவிகளில் பொதுவாகக் கையாளப்படும் 50 ஓம் என்னும் அளவை விட இது அதிகம்.

அப்படியாயின் கருவி முழுவதையும் மாக்சுவெல்லின் சமன்பாடுகளைக் கொண்டே கணிக்கலாகாதா என்னும் வினா எழும். இதற்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது, அளவு வேறுபாடு. பெட்டியின் அளவு சில சென்டிமீட்டர். டிரான்சிஸ்டரின் வாயில்முனை நீளமோ ஒரு மைக்ரோமீட்டரை விடச் சிறிது. இவை இரண்டையும் ஒரே கண்ணறை வலையில் அடக்கினால் கணிப்பின் அளவு கட்டுக்கடங்காமல் பெருகும். இரண்டாவது, டிரான்சிஸ்டரின் நடத்தை புலச் சமன்பாடுகளால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. குறைகடத்தியினுள் மின்னூட்டங்கள் நகரும் விதமும், வெப்பமும், பொருளில் உள்ள குறைபாடுகளும் அதில் பங்கு கொள்கின்றன. ஆதலால் அளவீடுகளிலிருந்து பெறப்பட்ட மின்சுற்று மாதிரியே டிரான்சிஸ்டருக்கு நடைமுறையில் பயன்படுகின்றது.

வரலாறு

ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் மின்காந்தப் புலக் கோட்பாட்டை 1865 இல் வெளியிட்டார். கிர்க்காஃபின் விதிகள் அச்சமன்பாடுகளிலிருந்து, அலைநீளம் மிகப் பெரிதாக உள்ள எல்லைநிலையில் பெறப்படக்கூடியவை. எனினும் இரு கோட்பாடுகளும் நெடுங்காலம் தனித்தனி வழிகளில் வளர்ந்தன.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேடார் ஆய்வு இவற்றை மீண்டும் அருகில் கொண்டுவந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1940 முதல் 1945 வரை இயங்கிய கதிர்வீச்சு ஆய்வகத்தில், அலைநடத்திகளில் ஏற்படும் வளைவு, தடுப்பு, துளை ஆகியவற்றைச் சமான மின்சுற்றுகளாக மாற்றும் முறைகள் உருவாக்கப்பட்டன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சூலியன் சுவிங்கர் இப்பணியில் பங்கு கொண்டவர்களுள் ஒருவர். ஆய்வகம் வெளியிட்ட நூல் வரிசையில், மான்ட்கோமரி, டிக்கி, பர்செல் ஆகியோர் தொகுத்த நுண்ணலைச் சுற்று நூல் 1948 இலும், நேத்தன் மார்க்குவிட்சின் அலைநடத்திக் கையேடு 1951 இலும் வெளிவந்தன. கடினமான புலக் கணக்கை ஒருமுறை தீர்த்து, விடையைச் சுற்று உறுப்பாக எழுதிவைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே இவற்றின் உள்ளக்கருத்து. இன்றைய இணை ஒப்புருவாக்கத்தின் வேரும் இதுவே.

கணினியின் வருகைக்குப் பின் இரு துறைகளிலும் எண்சார் முறைகள் தோன்றின. புலக் கணிப்பில், கேன் யீ 1966 இல் நேரக்கள முடிவுறு வேறுபாட்டு முறையையும், ரோஜர் ஹாரிங்டன் 1968 இல் வெளியிட்ட நூலின் வழியாக மொமென்ட் முறையையும், தாமஸ் வைலாண்ட் 1977 இல் முடிவுறு தொகையீட்டு முறையையும் அறிமுகப்படுத்தினர். மின்சுற்றுக் கணிப்பில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகலும் டொனால்ட் பெடர்சனும் உருவாக்கிய ஸ்பைஸ் நிரல் 1973 இல் வெளிவந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ரூலி 1974 இல் வெளியிட்ட பகுதிக்கூறுச் சமானச் சுற்று முறை, புலக் கணக்கையே ஒரு பெரிய மின்சுற்றாக எழுதிக் காட்டியது.

முப்பரிமாண வடிவங்களை முடிவுறு கூறு முறையில் கணிக்கும் வணிக மென்பொருளான எச்.எஃப்.எஸ்.எஸ். 1990 இல் வெளிவந்தது. அதற்குப் பின் புலக் கணிப்பு ஆய்வாளர்களின் கையிலிருந்து வடிவமைப்பாளர்களின் மேசைக்கு வந்தது. 1990களில் இரு கணிப்புகளையும் இணைக்கும் பல முறைகள் முன்வைக்கப்பட்டன. அவற்றின் விவரம் கீழே தரப்படுகின்றது.

வாயில்

புலமும் சுற்றும் சந்திக்கும் இடம் வாயில் எனப்படும். புலக் கணிப்பில் அறியப்படுவன ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள மின்புலமும் காந்தப்புலமும் ஆகும். சுற்றுக் கணிப்பில் அறியப்படுவன மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஆகும். ஒரு வாயிலின் குறுக்குவெட்டின் ஊடாகப் புலங்கள் கடத்தும் திறன், அவ்வாயிலின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் தரும் திறனுக்குச் சமமாக இருக்குமாறு இவை பொருத்தப்படுகின்றன.

இப்பொருத்தம் சரியாக அமையப் பின்வரும் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்:

1. வாயில் அலைநீளத்தை விட மிகச் சிறிதாக இருக்க வேண்டும். அல்லது அதன் வழியே ஒரே ஒரு பாங்கில் மட்டும் அலை செல்ல வேண்டும். பல பாங்குகள் சென்றால் ஒவ்வொரு பாங்கிற்கும் தனி வாயில் தேவை.

2. மின்னழுத்தம் எந்தக் கடத்தியைச் சார்ந்து அளக்கப்படுகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். நுண்ணலைக் கருவியில் எங்கும் பொதுவான "தரை" என ஒன்று இல்லை. இரு இடங்களின் தரைகளுக்கு இடையே உள்ள உலோகமும் ஒரு மின்மறுப்பே.

3. வெட்டி எடுக்கப்பட்ட உறுப்பு, தன் முனைகளின் வழியாக மட்டுமே சுற்றுப்புறத்துடன் தொடர்பு கொள்ள வேண்டும். உறுப்பிலிருந்து புலம் நேரடியாக அண்டைத் தடத்தைத் தாக்கினால், அத்தாக்கம் எந்தக் கணிப்பிலும் இடம்பெறாமல் போகும்.

இரண்டாம் நிபந்தனையின் முக்கியத்துவத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். டிரான்சிஸ்டரின் மூலமுனை, பலகையின் ஊடே செல்லும் துளைவழி இணைப்பின் மூலம் கீழ்த்தரையுடன் சேர்க்கப்பட்டுள்ளது என்க. அவ்விணைப்பின் மின்தூண்டம் 0.1 நானோஹென்றியாயின், 10 கிகா ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 6.3 ஓம். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பொதுவான பாதையில் இருப்பதால், இச்சிறு மின்மறுப்பே பெருக்கியின் பெருக்கத்தையும் நிலைப்புத்தன்மையையும் மாற்ற வல்லது. குறை-இரைச்சல் பெருக்கிகளில் இது வேண்டுமென்றே பயன்படுத்தப்படுவதும் உண்டு. வாயிலைக் கீழ்த்தரையைச் சார்ந்து வரையறுத்துவிட்டு, டிரான்சிஸ்டரின் மூலமுனையையும் சுற்று வரைபடத்தில் நேராகத் தரையுடன் இணைத்தால், துளைவழி இணைப்பு கணக்கிலிருந்தே மறைந்துவிடும். மாறாக, டிரான்சிஸ்டர் மாதிரியிலேயே அவ்விணைப்பின் விளைவு முன்பே அடங்கியிருந்தால், அது இருமுறை எண்ணப்படும். இரு நிலைகளிலும் மென்பொருள் எவ்வித எச்சரிக்கையும் தராது.

இணைக்கும் முறைகள்

சிதறல் அணி வழி இணைத்தல்

மிகப் பரவலாகக் கையாளப்படும் முறை இதுவாகும். புலக் கணிப்பில் ஒவ்வொரு வாயிலிலும் முறையே ஓர் அலை செலுத்தப்படுகின்றது. அதில் எவ்வளவு அதே வாயிலில் திரும்புகிறது, எவ்வளவு பிற வாயில்களில் வெளிவருகிறது என்பன கணிக்கப்படுகின்றன. இவ்விகிதங்களின் தொகுப்பே சிதறல் அணி ஆகும். 20 வாயில்கள் உடைய அமைப்பிற்கு ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் 400 சிக்கலெண்கள் கிடைக்கும். எந்த இரு வாயில்களுக்கு இடையிலும் இரு திசைகளிலும் ஒரே அளவு கடத்தும் அமைப்பாயின் அவற்றுள் 210 மட்டுமே வேறுபட்டவை. இவ்வணி கோப்பில் சேமிக்கப்பட்டு, சுற்றுக் கணிப்பில் பல முனைகளை உடைய ஒரே உறுப்பாகச் சேர்க்கப்படுகின்றது. டிரான்சிஸ்டர்களும் மின்தேக்கிகளும் அதன் வாயில்களில் பொருத்தப்படுகின்றன.

இதன் சிறப்பு, வடிவம் மாறாத வரை புலக் கணக்கை ஒருமுறை மட்டும் தீர்த்தால் போதும் என்பதாகும். டிரான்சிஸ்டரை மாற்றினாலும் மின்தேக்கியின் அளவை மாற்றினாலும் சுற்றுக் கணக்கை மட்டுமே திரும்பச் செய்ய வேண்டும்.

திறன் பெருக்கி போன்ற நேரியல் அல்லாத கருவிகளுக்குச் சீரிசைச் சமநிலை முறை பயன்படுகின்றது. 1976 இல் நக்லா, விலாக் ஆகியோர் இதன் ஒரு முக்கிய வடிவத்தை வெளியிட்டனர். இதில் நேரியல் பகுதி அதிர்வெண் களத்திலும், டிரான்சிஸ்டர் நேரக் களத்திலும் கணிக்கப்பட்டு, வாயில்களில் இரு விடைகளும் ஒன்றும் வரை திருத்தப்படுகின்றன. 10 கிகா ஹெர்ட்ஸ் பெருக்கிக்கு 20, 30, 40 கிகா ஹெர்ட்ஸ் ஆகிய மடங்கு அதிர்வெண்களிலும், நேர்மின்னோட்ட நிலையிலும் சிதறல் அணி தேவைப்படும்.

விகிதமுறு சார்பு மாதிரி

ஸ்பைஸ் போன்ற நேரக்களக் கணிப்புகளில் அதிர்வெண் பட்டியலை நேராகப் பயன்படுத்துவது கடினம். ஆகவே பட்டியலில் உள்ள மதிப்புகளுக்கு நெருங்கிய விகிதமுறு சார்பு ஒன்று கண்டறியப்பட்டு, அது மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி ஆகியவற்றால் ஆன சமானச் சுற்றாக மாற்றப்படுகின்றது. பியோர்ன் குஸ்டாவ்சன், ஆடம் செம்லியன் ஆகியோர் 1999 இல் வெளியிட்ட திசையன் பொருத்து முறை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. இம்முறை முதலில் மின்திறன் துறைக்காக உருவாக்கப்பட்டதாயினும், நுண்ணலைத் துறையும் அதனை ஏற்றுக்கொண்டது.

நேரடி இணைப்பு

இம்முறையில் சுற்று உறுப்புகள் புலக் கணிப்பின் உள்ளேயே வைக்கப்படுகின்றன. நேரக்கள முடிவுறு வேறுபாட்டு முறையில், ஒரு கண்ணறையின் விளிம்பில் மின்தடையையோ டையோடையோ டிரான்சிஸ்டரையோ சேர்த்து, ஒவ்வொரு நேரப் படியிலும் புலத்தையும் மின்னோட்டத்தையும் ஒருங்கே கணிக்கலாம். 1992 இல் இரு பரிமாணத்திலும், 1994 இல் மெலிண்டா பிக்கெட்-மே, ஆலன் டாஃப்லோவ், ஜான் பாரன் ஆகியோரால் முப்பரிமாணத்திலும் இது செய்து காட்டப்பட்டது.

இம்முறையின் விலை அதன் கணிப்பு நேரம் ஆகும். 30 × 20 × 6 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டியை 0.1 மில்லிமீட்டர் கண்ணறைகளாகப் பிரித்தால் 36 இலட்சம் கண்ணறைகள் கிடைக்கும். நிலைப்பு நிபந்தனையின்படி ஒரு நேரப் படி 0.19 பிக்கோ விநாடிக்கு மிகலாகாது. 10 நானோ விநாடி நிகழ்வைக் காண 52,000 படிகள் வேண்டும். அதாவது ஏறத்தாழ 18,700 கோடி முறை கண்ணறைகளைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு மின்தேக்கியின் அளவை மாற்றினாலும் முழுக் கணக்கையும் மீண்டும் செய்ய வேண்டியுள்ளது. ஆகவே உறுப்புக்கும் புலத்துக்கும் இடையே வாயிலால் பிரிக்க இயலாத நெருக்கம் உள்ள இடங்களில் மட்டுமே இம்முறை தெரிவு செய்யப்படுகின்றது.

எடுத்துக்காட்டு: மூடியிட்ட பெருக்கி

10 கிகா ஹெர்ட்ஸில் இயங்கும் இரு நிலைப் பெருக்கி ஒன்று, உள்ளளவு 30 × 20 மில்லிமீட்டரும் அதை விடக் குறைந்த உயரமும் உள்ள உலோகப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளது என்க. அதன் பெருக்கம் 25 டெசிபெல், அதாவது திறனில் ஏறத்தாழ 316 மடங்கு. மூடி திறந்திருக்கும்போது பெருக்கி எதிர்பார்த்தபடி இயங்குகின்றது. மூடியை இட்டதும் உள்ளீடு எதுவும் இல்லாமலே வெளியீட்டில் அலை தோன்றுகின்றது. நுண்ணலை ஆய்வுக்கூடங்களில் நன்கு அறியப்பட்ட சிக்கல் இது.

மூடிய உலோகப் பெட்டி ஓர் ஒத்ததிர்வி ஆகும். வெற்றுப் பெட்டியின் மிகக் குறைந்த ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் காண, நீளத்தின் தலைகீழியையும் அகலத்தின் தலைகீழியையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஒளிவேகத்தின் பாதியால் பெருக்க வேண்டும். அளவுகளைச் சென்டிமீட்டரில் கொண்டால் 15 ஆல் பெருக்கும்போது விடை கிகா ஹெர்ட்ஸில் கிடைக்கும். 3, 2 சென்டிமீட்டர் அளவுகளுக்கு விடை 9.0 கிகா ஹெர்ட்ஸ். பெட்டியினுள் உள்ள காப்புத் தகடு இதனைச் சற்றுக் குறைக்கும். டிரான்சிஸ்டருக்கு இவ்வதிர்வெண்ணிலும் போதிய பெருக்கம் உண்டு. பெட்டி வெளியீட்டுத் திறனில் நூறில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பினாலும், சுற்றி வரும் திறன் மும்மடங்காகும். கட்டமும் பொருந்தினால் அலைவு தொடங்கிவிடும்.

இதனைச் சுற்றுக் கணிப்பு தனியே காட்டாது. அதற்குப் பெட்டி என்பது தெரியாது. புலக் கணிப்பும் தனியே காட்டாது. அது பெட்டியின் ஒத்ததிர்வைக் காட்டும். ஆனால் அங்கே பெருக்கம் உண்டு என்பதை அறியாது. இரண்டையும் இணைத்தால் மட்டுமே ஆபத்து வெளிப்படும். அதற்கான செயல்முறை பின்வருமாறு:

1. பலகையில் உள்ள தடங்கள், துளைவழி இணைப்புகள், பெட்டி, மூடி ஆகியன புலக் கணிப்பில் வரையப்படுகின்றன.

2. உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றில் ஒவ்வொரு வாயிலும், இரு டிரான்சிஸ்டர்களின் உள்முனை, வெளிமுனை ஆகியவற்றில் நான்கு வாயில்களும், மின்வழங்கலுக்கு இரு வாயில்களுமாக எட்டு வாயில்கள் வைக்கப்படுகின்றன. தனி மின்தேக்கிகள் இருப்பின் அவற்றுக்கும் வாயில்கள் சேர்க்கப்படுகின்றன.

3. நேர்மின்னோட்டத்தை அடுத்த தாழ் அதிர்வெண் முதல், டிரான்சிஸ்டர் பெருக்கும் ஆற்றலை இழக்கும் அதிர்வெண் வரை சிதறல் அணி கணிக்கப்படுகின்றது. ஒத்ததிர்வின் அருகே அதிர்வெண் புள்ளிகள் நெருக்கமாக எடுக்கப்படுகின்றன.

4. சுற்றுக் கணிப்பில் டிரான்சிஸ்டர் மாதிரிகள் பொருத்தப்பட்டு நிலைப்புத்தன்மை ஆராயப்படுகின்றது.

நான்காம் படியில் ஒரு நுட்பம் உண்டு. ஜே. எம். ரோலெட் 1962 இல் வரையறுத்த நிலைப்புக் காரணி, கருவியின் வெளி வாயில்களை மட்டும் நோக்குகின்றது. உள்ளே முன்பே நிலையற்ற அலைவு இல்லை என்னும் நிபந்தனையின் பேரிலேயே அது செல்லும். பல நிலைப் பெருக்கியில் வெளிக்காரணி நன்றாகத் தோன்றினும் உள்ளே அலைவு இருக்கக்கூடும். ஆதலால் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் முனையிலும் சுற்றுப்பெருக்கம் தனியே ஆராயப்பட வேண்டும். உள்முனைகளில் வாயில் வைத்ததன் பயன் இங்கே கிடைக்கின்றது.

தீர்வுகளையும் இதே மாதிரியில் சோதிக்கலாம். பெட்டியின் உள்ளளவை 20 × 12 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஒத்ததிர்வு 14.6 கிகா ஹெர்ட்ஸுக்கு உயரும். அவ்வதிர்வெண்ணில் டிரான்சிஸ்டரின் பெருக்கம் குறைந்திருத்தல் வேண்டும். இடம் போதாதெனில் மூடியின் உட்புறத்தில் அலை உறிஞ்சும் பொருளை ஒட்டலாம். அல்லது இரு நிலைகளுக்கும் இடையே உலோகச் சுவர் எழுப்பலாம்.

உகப்பாக்கம்

வடிவமைப்பில் அளவுகளைப் பலமுறை மாற்றிப் பார்க்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புலக் கணக்கைத் தீர்த்தால் காலம் போதாது. இதற்கு இருவகைத் தீர்வுகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, சீரமைப்பு வாயில் முறை. வடிகட்டியின் ஒவ்வோர் ஒத்ததிர்வியிலும் கூடுதலாக ஒரு வாயில் வைத்துப் புலக் கணக்கு ஒருமுறை தீர்க்கப்படுகின்றது. பின்னர் சுற்றுக் கணிப்பில் அவ்வாயில்களில் சிறு மின்தேக்கிகளைச் சேர்த்து, நொடிப்பொழுதில் வடிகட்டி சீரமைக்கப்படுகின்றது. மின்தேக்கிகளின் அளவு, எந்த ஒத்ததிர்வியை எவ்வளவு நீட்ட அல்லது குறுக்க வேண்டும் என்பதைச் சொல்லும். திருத்திய வடிவத்துடன் புலக் கணக்கு மீண்டும் செய்யப்படுகின்றது. மின்தேக்கிகள் தேவையற்றுப் போகும் வரை இது தொடரும்.

இரண்டாவது, கனடாவின் மாக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பாண்ட்லரும் அவரது குழுவினரும் 1994 இல் அறிமுகப்படுத்திய வெளிக் கோப்பு முறை. இதில் விரைவான சுற்று மாதிரி "பரும மாதிரி" எனவும், துல்லியமான புல மாதிரி "நுண் மாதிரி" எனவும் கொள்ளப்படுகின்றன. உகப்பாக்கம் பரும மாதிரியில் செய்யப்படுகின்றது. நுண் மாதிரியின் விடையைக் கொண்டு, இரு மாதிரிகளின் அளவுகளுக்கும் இடையே உள்ள தொடர்பு திருத்தப்படுகின்றது. ஒரு சில புலக் கணிப்புகளிலேயே பெரும்பாலும் ஏற்கத்தக்க விடை கிடைத்துவிடும்.

பிழைகள் எழும் இடங்கள்

அதிர்வெண் எல்லை: 8 முதல் 12 கிகா ஹெர்ட்ஸ் வரை மட்டும் சிதறல் அணியைக் கணித்துவிட்டு, சீரிசைச் சமநிலை முறையில் அதனைப் பயன்படுத்தினால், 20 கிகா ஹெர்ட்ஸுக்கும் நேர்மின்னோட்டத்துக்கும் உரிய மதிப்புகளை மென்பொருள் தானே நீட்டிக் கொள்ளும். அவ்வாறு நீட்டிய மதிப்புகளுக்கு இயற்பியல் அடிப்படை இல்லை. டிரான்சிஸ்டருக்குச் செல்லும் மின்வழங்கலே தவறாகக் கணிக்கப்படலாம்.

செயலறு தன்மை: உலோகமும் காப்புப் பொருளும் ஆற்றலை உண்டாக்குவதில்லை. ஆயினும் எண்பிழையால் சிதறல் அணியோ விகிதமுறு சார்போ ஏதேனும் ஓர் அதிர்வெண்ணில் உள்ளே சென்றதை விட அதிக ஆற்றலை வெளியிடுவது போல் அமையலாம். செயலறு பகுதிகளை எவ்வாறு இணைத்தாலும் அமைப்பு அலைவுறாது. ஆனால் இத்தகைய பிழைபட்ட மாதிரி, தனியே நிலையாகத் தோன்றினாலும், பிறவற்றுடன் இணைக்கப்பட்டதும் பொய்யான அலைவைக் காட்டலாம்.

முன்பின் ஒழுங்கு: விளைவு காரணத்துக்கு முன் தோன்றலாகாது. காப்புப் பொருளின் இழப்பு அதிர்வெண்ணுடன் மாறாதது எனவும், அதன் மின்காப்பு மாறிலியும் மாறாதது எனவும் ஒருங்கே கொண்டால் இவ்விதி மீறப்படும். இதன் விளைவாக நேரக்களக் கணிப்பில் துடிப்பு உரிய நேரத்துக்கு முன்பே வந்து சேர்வதாகத் தோன்றும்.

தோல் விளைவு: 10 கிகா ஹெர்ட்ஸில் செப்பினுள் மின்னோட்டம் ஏறத்தாழ 0.66 மைக்ரோமீட்டர் ஆழம் வரையே செல்கின்றது. இவ்வளவு மெல்லிய படலத்தைக் கண்ணறைகளாகப் பிரிப்பதற்குப் பதிலாக, உலோகப் பரப்புக்கு ஒரு பரப்பு மின்மறுப்பு கொடுக்கப்படுகின்றது. உலோகப் பரப்பின் சொரசொரப்பு இவ்வாழத்தை ஒத்திருந்தால், வழுவழுப்பான பரப்பெனக் கொண்ட கணிப்பு காட்டும் இழப்பு உண்மையை விடக் குறைவாக இருக்கும்.

இருமுறை எண்ணல்: உறுப்பு உற்பத்தியாளர் தரும் மாதிரியில், அளவீட்டின்போது உறுப்பு அமர்ந்திருந்த உலோகத் திட்டின் விளைவும் அடங்கியிருக்கலாம். அதே திட்டு புலக் கணிப்பிலும் வரையப்பட்டால் அது இருமுறை எண்ணப்படும். மாதிரி எந்தத் தளத்திலிருந்து தொடங்குகிறது என்பதை அறியாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

பயன்பாடுகள்

ஒரே குறைகடத்திச் சில்லில் டிரான்சிஸ்டரும் தடங்களும் அமைந்த ஒற்றைப்படிக நுண்ணலைத் தொகுசுற்றுகளில் இம்முறை இன்றியமையாததாக உள்ளது. சில்லினை உருவாக்கிய பின் திருத்த இயலாது என்பதும், தடங்கள் மிக நெருக்கமாக அமைவதால் ஒன்றையொன்று தாக்கும் என்பதும் இதற்குக் காரணங்கள்.

கட்ட அணி உணர்கொம்புகளில் பல உணர்கொம்புகள் அருகருகே அமைந்துள்ளன. அலைக்கற்றையின் திசையை மாற்றும்போது, ஓர் உணர்கொம்பின் மின்மறுப்பு அதன் அண்டை உணர்கொம்புகளின் தாக்கத்தால் மாறுகின்றது. அதனுடன் இணைந்த திறன் பெருக்கியின் திறனும் திரிபும் அதற்கேற்ப மாறும். 28 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் ஐந்தாம் தலைமுறை கைபேசி நிலையங்களிலும், 76 முதல் 81 கிகா ஹெர்ட்ஸ் வரை இயங்கும் வாகன ரேடார்களிலும் இவ்விளைவைக் கணிக்க உணர்கொம்பையும் பெருக்கியையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்புக் கருவியின் சுருள்கள் நுண்ணலையை விடக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்குபவை. 3 டெஸ்லா கருவியில் அது ஏறத்தாழ 128 மெகா ஹெர்ட்ஸ் ஆகும். எனினும் மிகைல் கோஸ்லோவ், ராபர்ட் டர்னர் ஆகியோர் 2009 இல் இதே முறையை அங்கும் கையாண்டு காட்டினர். சுருளில் உள்ள மின்தேக்கிகளை வாயில்களாக மாற்றிப் புலக் கணக்கை ஒருமுறை தீர்த்து, சீரமைப்பைச் சுற்றுக் கணிப்பில் செய்து, கிடைத்த மின்னோட்டங்களைக் கொண்டு மனித உடலினுள் புலத்தை மீட்டெடுக்கலாம். உடலில் எங்கு எவ்வளவு வெப்பம் உண்டாகும் என்பதை மதிப்பிட இது உதவுகின்றது.

அளவீட்டுடன் ஒப்பிடல்

கணிப்பு முடிவுகள் திசையன் வலைப்பின்னல் பகுப்பாய்வி எனும் அளவைக் கருவியைக் கொண்டு சரிபார்க்கப்படுகின்றன. இங்கும் எந்தத் தளத்திலிருந்து அளப்பது என்னும் அதே வினா எழுகின்றது. இணைப்பிகளின் விளைவை நீக்கிக் கருவியின் விளைவை மட்டும் பெறுவதற்கு, கிளென் எங்கன், கிளெட்டஸ் ஹோர் ஆகியோர் 1979 இல் வெளியிட்ட நேரிணைப்பு-எதிரொளிப்பு-தடம் அளவுத்திருத்த முறை பயன்படுகின்றது.

ஒப்பிடும்போது ஒழுங்கான வரிசையைப் பின்பற்றுதல் நன்று. முதலில் கண்ணறைகளைச் சிறிதாக்கி, விடை மாறாமல் நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, டிரான்சிஸ்டர் இல்லாத வெறும் தடங்களை அளந்து புலக் கணிப்பைச் சோதிக்க வேண்டும். பின்னர், டிரான்சிஸ்டரைத் தனியே அளந்து அதன் மாதிரியைச் சோதிக்க வேண்டும். இவை மூன்றும் பொருந்திய பின்னும் முழுக்கருவியின் அளவீடு கணிப்புடன் வேறுபட்டால், பிழையைத் தேட வேண்டிய முதல் இடம் வாயில்களே ஆகும்.